கடலோரச் சமவெளியின் சொந்தக் காடு எது, அதை மீட்பதை எங்கிருந்து தொடங்குவது?

புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் உங்கள் ஊரில், ஐயனார் கோயிலை ஒட்டிய இரண்டு ஏக்கர் புறம்போக்கில் நாட்டு மரங்கள் மட்டுமே கொண்ட ஒரு காட்டை உருவாக்க இளைஞர்கள் கூடி முடிவு செய்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நிலம் இப்போது முள்புதரும் சீமைக்கருவேலமுமாக மண்டிக் கிடப்பதால் முதலில் பொக்லைன் வைத்துச் சுத்தம் செய்யப்போவதாகவும், அதன்பின் வாங்கி நடவேண்டிய கன்றுகளின் பட்டியல் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது பட்டியல்தான் என்றாலும், அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த மண்ணுக்கு உரிய காடு எது என்பது ஒன்று. அது திரும்பி வருவதற்கு நாம் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யாமல் இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. இவற்றுக்கு விடை தெரிந்தபின் பட்டியல் தானாகவே அமையும். தெரியாமல் நடப்படும் பட்டியல், எவ்வளவு நல்ல பட்டியலாக இருந்தாலும், ஒரு தோப்பாகத்தான் முடியும். தாவரவியல் கற்பித்தவன், கடலூருக்கும் செங்கல்பட்டுக்கும் இடைப்பட்ட சமவெளியில் நாற்றங்கால் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மலைக்காடுகளுக்கோ கொங்குநாட்டு வறண்ட காடுகளுக்கோ இதை அப்படியே பொருத்திப் பார்க்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேண்டுகோள்: இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை பொக்லைனுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

சோழமண்டலக் கரை என்று வரலாற்றில் அறியப்படும் இந்தப் பகுதியில், ஆந்திரத்தின் விசாகப்பட்டினம் பக்கத்திலிருந்து தெற்கே இராமநாதபுரம் வரை, கடலை ஒட்டிய குறுகிய பட்டையில் இயற்கையாக அமைந்த காட்டுக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1968-ல் வெளியான சாம்பியன்–சேத் வகைப்பாடு இதைத் தனி வகையாகவே கணக்கிட்டிருக்கிறது. இலங்கையின் உலர்வலயத்திலும் இதன் உறவுக் காடுகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் வானளாவிய மரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு இதைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இதன் மேல்விதானம் பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும். மரங்கள் நெருக்கமாகவும் கோணலாகவும் நிற்கும். தடித்த கொடிகள் மரத்துக்கு மரம் பின்னிக் கிடக்கும். இலைகள் சிறியவை, தோல்போலத் தடித்தவை, கரும்பச்சையானவை. ஆண்டு மழை ஏறத்தாழ 1000 முதல் 1200 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்தபின் மாதக்கணக்கில் வறட்சி. இந்த மழைக் கணக்கைக் காட்டி, இங்கே எந்தக் காடு வளரும் என்று ஒரு மாணவரிடம் கேட்டால், கோடையில் இலையுதிர்க்கும் காடு என்றுதான் சொல்வார். ஆனால் பங்குனி வெயிலிலும் இந்தக் காடு பச்சையாகவே நிற்கிறது.

ஏன் அப்படி என்பதற்கு ஒருமித்த விடை இல்லை. கடற்காற்றின் ஈரப்பதம், இரவுப் பனி, அவ்வப்போது பெய்யும் கோடைமழை, ஆழமாக இறங்கும் வேர் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். இன்று நாம் காணும் குட்டையான காடு இயற்கையின் இறுதி நிலையா, நூற்றாண்டுக் கணக்காக விறகுக்கும் வேளாண் கருவிகளுக்கும் வெட்டப்பட்டு, மேய்க்கப்பட்டுக் குறுகிப்போன வடிவமா என்பதும் தீராத விவாதம். என் பார்வையில் இரண்டாவது கருத்தில் ஓரளவாவது உண்மை இருக்கிறது. பழைய வெட்டுக்கட்டையிலிருந்து பல தண்டுகளாகத் துளிர்த்து எழுந்த மரங்களை எஞ்சிய துண்டுகள் எல்லாவற்றிலும் பார்க்கமுடிகிறது. ஆனால் எந்தெந்த இனங்கள் இந்தக் காட்டுக்கு உரியவை என்பதில் ஐயம் குறைவு. உங்கள் ஊருக்குக் கைக்கெட்டும் தூரத்திலுள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு, மரக்காணம் காப்புக்காடு, தெற்கே கோடியக்கரை, வடக்கே கிண்டி, ஸ்ரீஹரிகோட்டா ஆகிய இடங்களில் வீரை, பாலை, காயா, குருந்து, கருங்காலி, நெய்க்கொட்டான், நாவல், உசிலை என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டு ஏக்கரில் வேலை செய்யப்போகிறவருக்கு இந்த உறுதியான பகுதி போதும். விவாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இப்போது உங்கள் முள்புதருக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டத்தில் மிகப் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இந்தக் காட்டின் மரங்களுக்கு வெட்டுக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் மறுபடி துளிர்க்கும் வலிமை மிக அதிகம். ஐம்பது ஆண்டுகளாக ஆடுகள் கடித்தும் விறகுக்கு ஒடித்தும் முழங்கால் உயரத்துக்கு மேல் எழவிடாத ஒரு குத்துச்செடியின் அடியில், அதைவிடப் பன்மடங்கு வயதான வேர்க்கட்டை இருக்கக்கூடும். காரை, களா, சூரை, ஆதொண்டை, இசங்கு போன்ற முட்செடிகளைப் பொதுவாக நாம் ‘புதர்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். உண்மையில் அவை இந்தக் காட்டின் ஓரத்துக்கும் அடித்தளத்துக்கும் உரிய உறுப்பினர்கள். இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள பழம் தருபவை. அவற்றின் விதையைக் கொண்டுசெல்பவை கொண்டைக்குருவி, குயில், பழந்தின்னி வௌவால், மரநாய் முதலிய உயிரினங்கள். வெட்டவெளியில் குருவிக்கு உட்கார இடம் இல்லை. ஒரு களாப் புதரின்மேல் அது உட்கார்ந்து எச்சமிட்டால், விதை விழுவது நிழலும் இலைமக்கும் உள்ள, ஆடு வாய் வைக்கமுடியாத முள்வேலிக்குள். அங்கே முளைக்கும் வீரைக்கன்று, ஆடு எட்டும் உயரத்தைத் தாண்டும்வரை அந்தப் புதரின் காவலில் வளர்கிறது. பொக்லைன் ஒரே காலையில் வேர்க்கட்டை, நாற்றங்கால், வேலி, விதை கொண்டுவரும் பறவையின் இருக்கை ஆகிய நான்கையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். பிறகு நீங்கள் பணம் கொடுத்துக் கன்று வாங்கி, கம்பிவேலி போட்டு, தண்ணீர்வண்டி வைத்து, அதே நான்கையும் செயற்கையாக உருவாக்க முயல்வீர்கள். ‘மரம் நடும் விழா’க்களுக்காகப் பழைய காட்டின் எச்சம் இப்படி அழிக்கப்படுவது அரிதான நிகழ்வல்ல, மேலே நடப்பட்ட கன்றுகளின் புகைப்படம் நாளிதழில் வந்துவிடுவதால், கீழே போனது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே முதல் வேலை, நிலத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று படிப்பது. இதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம். பொறுமையும், பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சிறு கைலென்சும், குறிப்பேடும் போதும். பூ, காய் இல்லாத காலத்திலும் இலையை வைத்துப் பாதி தூரம் போய்விடலாம். முதலில் பார்க்கவேண்டியது, இலைகள் கணுவில் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறிமாறி இருக்கின்றனவா என்பது. காரை, களா இரண்டும் முள்ளுள்ள, எதிரிலைச் செடிகள்; தூரத்தில் ஒன்றுபோலவே தோன்றும். ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் களா. பால் இல்லாமல், இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டின்மேல் சிறு செதில் போன்ற ஒன்று ஒட்டியிருந்தால் காரை; அந்தச் செதில் காப்பிச்செடிக் குடும்பத்தின் முத்திரை. சூரையின் இலையில் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் புறப்படும்; முள் கொக்கிபோல் வளைந்து சட்டையைப் பிடித்துக்கொள்ளும். குருந்து எனப்படும் காட்டெலுமிச்சையின் இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல ஒளிப்புள்ளிகள் தெரியும். கசக்கி முகர்ந்தால் நாரத்தை மணம் வரும். நாவல் இலையை அதேபோல் பிடித்தால் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு சுற்றி ஓடுவதைக் காணலாம்.

பெரிய மரங்களில், பாலையை அறிவது எளிது. கிளைநுனிகளில் கொத்தாக இலை, ஒவ்வோர் இலையின் நுனியிலும் கிள்ளி எடுத்ததுபோல ஒரு பள்ளம், ஒடித்தால் வெண்பால், ஆழமாக வெடித்த கரிய பட்டை. வீரையின் இலையடி இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, அடிமரம் உருண்டையாக இல்லாமல் பள்ளமும் மேடுமாக முறுக்கேறி நிற்கும், பழம் சிவப்பு. காயா பூக்கும் காலத்தில் அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோடையின் தொடக்கத்தில் இலைகளுக்கு இடையே தண்டையே மூடிக்கொண்டு நீலக் கொத்துகள் வரும்போது, திருமாலின் நிறத்துக்கு ஏன் இந்தப் பூவை உவமை சொன்னார்கள் என்பது விளங்கிவிடும். பூக்காத காலத்தில்தான் அது சோதிக்கும்: எதிரிலை, பக்க நரம்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தடித்த இலை, பால் இல்லை, மணம் இல்லை. இல்லாதவற்றைக் கொண்டு அடையாளம் காணவேண்டிய மரம் அது.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் ஆகியவை பயன் தருபவைதாம். ஆனால் இயந்திரம் தானாகச் சொல்லும் முதல் பெயரை நம்பவேண்டாம். தடித்த பச்சை இலையின் ஒற்றைப் படத்தைக் கொண்டு இந்தக் காட்டு மரங்களைப் பிரிப்பதில் அது அடிக்கடி தவறுகிறது. இலையின் மேற்புறம், கீழ்ப்புறம், கணு, பட்டை, முழு மரம், கிடைத்தால் பூவும் காயும் என்று தனித்தனிப் படங்களாகப் பதிவேற்றினால், அங்குள்ள மனிதர்கள் பார்த்துத் திருத்துவார்கள். அதற்கும் மேல் ஐயம் இருந்தால், செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்திய கிளையை எடுத்துக்கொண்டு ஓர் உலர்தாவர நிலையத்துக்குச் செல்லலாம். உங்களுக்கு அருகில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவர நிலையம், கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டலம் ஆகியவையும் உண்டு. ராபினாட் நிலையத்தை நிறுவிய பாதிரியார் கே. எம். மேத்யூ தமிழகத்தின் ‘கர்நாட்டிக்’ பகுதியின் (கர்நாடக மாநிலம் அல்ல) தாவரங்களைத் தொகுத்து 1980-களில் வெளியிட்ட நூல்தொகுதிகள் இன்றும் எங்களுக்குக் கடைசி நீதிமன்றம்போல. ஊர்ப்பெயர்களை மட்டும் நம்பி எழுதிவைக்காதீர்கள். மாவட்டம் தாண்டினால் ஒரே பெயர் வேறு மரத்துக்குப் போய்விடும். ஊர்ப்பெயர், தாவரவியல் பெயர் இரண்டையும் சேர்த்தே பதியுங்கள். ஊரில் ஆடு மேய்த்த முதியவர்களையும் மருந்துக்கு இலை பறிப்பவர்களையும் நிலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்தச் செடி எந்த மாதம் பழுக்கும் என்பதில் அவர்கள் சொல்வது நூல்களைவிடத் துல்லியமாக இருப்பதுண்டு. பிற்பாடு விதை சேகரிக்கும்போது உங்களுக்குத் தேவைப்படப்போவது அந்த அறிவுதான்.

‘நாட்டு மரம்’ என்ற அளவுகோலிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். தைலமரம், தூங்குமூஞ்சி, சவுக்கு, சீமைக்கருவேலம் ஆகியவை வெளியிலிருந்து வந்தவை என்பது பலருக்கும் தெரியும். கொடுக்காப்புளி அமெரிக்கக் கண்டத்திலிருந்தும், புளி மிகப் பழங்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை என்றால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். வேம்பின் தாயகம் எது என்பதில்கூடத் தாவரவியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் புளியையோ வேம்பையோ வெட்டச் சொல்ல நான் வரவில்லை. அவை தம் இடத்தைச் சம்பாதித்துக்கொண்டவை. காட்டை மீட்கும் நிலத்தில் அவற்றைப் புதிதாக நடவேண்டிய தேவை இல்லை என்பதே என் கருத்து. வேம்பு கேட்காமலே வந்துவிடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. செம்மரம் இந்திய மரம்தான். ஆனால் அதன் இயற்கையான வாழிடம் ஆந்திரத்தின் தென்பகுதி மலைகள். தேக்கும் அப்படியே மலையடிவாரங்களுக்கு உரியது. இந்தியாவில் எங்கோ வளர்கிறது என்பதால் மரக்காணத்து மணலுக்கு அது நாட்டு மரம் ஆகிவிடாது. வனத்துறை, தொண்டு நிறுவனங்கள் தரும் இலவசக் கன்றுகளில் பெரும்பாலும் வருபவை புங்கம், வேம்பு, மருது, மகாகனி, தேக்கு, நீர்மருது போன்றவைதாம். நிழற்சாலைக்கும் வயல்வரப்புக்கும் அவற்றில் சில நல்லவை, உங்கள் தேவை வேறு.

சீமைக்கருவேலத்தை அகற்றவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தமிழ்நாடு அரசும் 2022-ல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டு அதை முதன்மைப்படுத்தியிருக்கிறது. கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளியை அது எப்படி விழுங்குகிறது என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு வாதம் தேவைப்படாது. அகற்றும் முறைதான் கேள்வி. தரைக்கு மேல் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். ஆகவே தண்டும் வேரும் சேரும் கழுத்துப்பகுதியைத் தோண்டி எடுத்தாகவேண்டும். அடியில் நாட்டுச் செடி எதுவும் இல்லாத, சீமைக்கருவேலம் மட்டும் நிற்கும் திட்டுகள் இருந்தால் அங்கே மட்டும் இயந்திரத்தை அனுமதிக்கலாம். மற்ற இடங்களில் கடப்பாரையும் மண்வெட்டியும்தான். வேலை தொடங்கும் முன் காப்பாற்றவேண்டிய ஒவ்வொரு நாட்டுச் செடியிலும் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். கூலிக்கு வருபவரிடம் ‘துணி கட்டியதைத் தொடாதே’ என்று ஒரே விதியைச் சொன்னால் போதும், செடிப் பெயர்களை விளக்க வேண்டியதில்லை. முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் மொட்டையாக்காதீர்கள். பகுதி பகுதியாக, மூன்று நான்கு ஆண்டுகளில் எடுத்தால், எஞ்சிய கருவேலத்தின் அரைநிழல் நாட்டுக் கன்றுகளுக்கு உதவும். ஆரோவில்லில் 1968-க்குப் பின், அரிமானத்தால் தேய்ந்து கிடந்த செம்மண் மேட்டில் முதலில் விரைந்து வளரும் அயல்நாட்டு அக்கேசியாக்களை நிழலுக்கு நட்டு, பிறகு அவற்றின் அடியில் இந்தக் காட்டு இனங்களைக் கொண்டுவந்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல் அந்த அக்கேசியாக்களைப் பெருமளவில் சாய்த்தது. உங்களிடம் நிழலுக்கு ஒரு வேண்டாத மரம் ஏற்கெனவே நிற்கிறது. புதிதாக இன்னொன்றைக் கொண்டுவராமல் அதையே பயன்படுத்திக்கொண்டு பின்னர் வழியனுப்பிவைக்கலாம்.

இந்த வேலையைத் தொடங்கும்போதே, நிலத்தைச் சுற்றிக் கால்நடை நுழையாத உயிர்வேலியோ முள்வேலியோ அமைத்து, முதல் பருவமழை முழுவதும் எதையும் நடாமல் பார்த்துக்கொண்டிருங்கள் என்பது என் ஆலோசனை. இளைஞர்களுக்கு இது சலிப்பூட்டும் என்பது தெரியும். ஆனால் மேய்ச்சல் நின்ற ஒரே ஆண்டில் வேர்க்கட்டைகளிலிருந்து எழும் துளிர்கள், உங்கள் பட்டியலில் பாதியை உங்களுக்கே எழுதிக் காட்டிவிடும். அங்கே எழாதவை எவையோ அவற்றை மட்டும் நாம் கொண்டுவந்தால் போதும். கால்நடையை வெளியே நிறுத்துவதென்றால், அங்கே மேய்த்துக்கொண்டிருந்த குடும்பங்களோடு முன்னதாகப் பேசி வேறு மேய்ச்சலிடம் முடிவுசெய்திருக்கவேண்டும். அதைச் செய்யாத வேலி நெடுநாள் நிற்பதில்லை.

கொண்டுவரவேண்டியவற்றுக்கு விதை அருகிலுள்ள பழைய காட்டுத் துண்டுகளிலிருந்தே வரவேண்டும். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறு மண்ணில் வளர்ந்த தாய்மரத்தைவிட, உங்கள் வறட்சியையும் உப்புக்காற்றையும் தலைமுறைகளாகத் தாங்கிய தாய்மரத்தின் விதை மேலானது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. ஒரே மரத்தடியில் மொத்தமாகப் பொறுக்காமல், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வீரையிலும் கருங்காலியிலும் பனையைப்போலவே ஆண், பெண் தனித்தனி மரங்கள். இரண்டு மூன்று கன்றுகள் நட்டால் அவை எல்லாம் ஆணாகவே அமைந்து பழமே இல்லாமல் போகலாம், ஆகவே இவற்றைக் கூட்டமாக நடவேண்டும். நாவல், இலுப்பை, வேம்பு ஆகியவற்றின் விதைக்கு உயிர் கொஞ்ச நாள்தான். உலர்த்திச் சேமிக்காமல், சதையைக் கழுவிவிட்டு உடனே விதைக்கவேண்டும். கொன்றை, உசிலை, வாகை போன்றவற்றின் விதையுறை கடினமானது. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓரிரவு ஊறவிட்டோ, ஒரு முனையை உப்புத்தாளில் தேய்த்தோ விதைத்தால் ஒரே சீராக முளைக்கும், இல்லையென்றால் ஆண்டுக்கணக்கில் ஒன்றிரண்டாக முளைத்துக்கொண்டிருக்கும். பாலை, வீரை, காயா மூன்றும் மெதுவாக வளர்பவை. நாற்றங்காலில் அவற்றுக்கு ஓராண்டுக்கு மேல் கொடுக்கத் தயாராக இருங்கள். தனியார் நாற்றங்கால்களில் இவை எளிதில் கிடைக்காததற்குக் காரணமும் இதுவே.

கன்று பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆளுயரக் கன்றின் பாலித்தீன் பைக்குள் வேர் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருக்கும்; நட்டபிறகும் அது சுற்றிக்கொண்டே இருந்து, சில ஆண்டுகள் கழித்து ஒரு புயலில் மரத்தைச் சாய்க்கும். ஓரடி, ஒன்றரையடிக் கன்று போதும். பையின் அடியில் சுருண்ட வேர் தெரிந்தால் கூரிய கத்தியால் நறுக்கிவிட்டு நடலாம். நடும் காலம் வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழைக்குப் பின், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரங்கள் வரை. சூன் ஐந்தாம் நாள் சுற்றுச்சூழல் நாள் என்பதற்காக இந்தக் கரையில் அன்று கன்று நடுவது, தண்ணீர் வசதி இல்லாவிட்டால் வீண். முதல் இரண்டு கோடைகளுக்கு உயிர்த்தண்ணீரும் தடித்த இலைமூடாக்கும் கட்டாயம். நட்ட எண்ணிக்கையைப் பலகையில் எழுதாமல், ஒரு கோடை கடந்து அடுத்த அக்டோபரில் உயிரோடு இருப்பதை எண்ணி எழுதுங்கள்.

சப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் பெயரால் அழைக்கப்படும் அடர்நடவு முறையைப் பின்பற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்றுகள் நடும் இம்முறையில் பசுமை விரைவில் தெரிகிறது என்பது உண்மை. அவர் வலியுறுத்திய அடிப்படை, அந்தந்த இடத்தின் இயற்கைக் காட்டை ஆராய்ந்து அதன் இனங்களை மட்டும் நடுவது. நம்மூரில் நெருக்கத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியை விட்டுவிடுகிறார்கள். நம் காட்டு மரங்கள் மெதுவாக, பக்கவாட்டில் பரந்து, கொடிகளோடு சேர்ந்து வளர்பவை. ஒளிக்காக மேல்நோக்கி ஓடவிடும் நெருக்கம் அவற்றுக்கு நீண்ட காலத்தில் ஏற்றதா என்பது இங்கே இன்னும் நிறுவப்படாத ஒன்று. மண்ணைத் தோண்டிக் கலக்கும் அம்முறையின் முதல் படி, உங்கள் நிலத்தில் இருக்கும் வேர்க்கட்டைகளை அழித்துவிடும் என்பது மட்டும் உறுதி. நகரத்தில் கட்டட இடிபாடு கொட்டிய காலிமனைக்கு அது பொருந்தலாம். உங்கள் நிலத்துக்கு வேண்டாம்.

சட்டப்பக்கமும் பார்த்துவிடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தப் புறம்போக்கு எந்த வகை என்று பதிவேட்டில் உறுதிசெய்யுங்கள். ஏரி உள்வாய் என்றோ மேய்க்கால் என்றோ இருந்தால் நடவு பின்னர் சிக்கலாகும். ஏரியின் உள்வாயில் காடு வளர்ப்பது எப்படியும் தவறு. நீரும் சேறும் புல்லுமே அந்த இடத்தின் இயற்கை. நீலகிரியின் புல்வெளிகளைத் தரிசு என்று எண்ணிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சீகைமரமும் தைலமரமும் நட்டதன் விளைவை இன்றுவரை அங்கே சரிசெய்ய முயன்றுகொண்டிருக்கிறார்கள். காப்புக்காட்டிலிருந்து விதை எடுக்க 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதி தேவை. வனச்சரக அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் கட்டுப்பாடு இன்னும் கடுமை. கோயில் காட்டில் பூசாரி, ஊர்ப் பெரியவர்கள், அறநிலையத்துறைக்கு உட்பட்டதாயின் அந்த அலுவலகம் ஆகிய எல்லோரிடமும் சொல்லிவிட்டு எடுப்பது முறை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உங்கள் ஊராட்சியில் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கவேண்டும். ஏட்டளவில் மட்டும் இருந்தால், நீங்கள் எடுக்கும் கணக்கெடுப்பைக் கொண்டு அதை உண்மையாக்கலாம். அதே சட்டத்தின்கீழ்த்தான் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-லும், திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரக்கோயில் காடு 2025-லும் பல்லுயிர் மரபுத் தலங்களாக அறிவிக்கப்பட்டன. காசம்பட்டிக் காட்டின் பரப்பு ஐந்து எக்டேருக்கும் குறைவு. சிறியது என்பதால் எந்த இடமும் தகுதி இழப்பதில்லை.

உங்கள் கேள்வியில் ஓரிடத்தில், ஐயனார் கோயிலுக்குப் பின்னால் ‘கொஞ்சம் பழைய மரங்கள்’ இருப்பதாகவும், திருப்பணிக் குழு அங்கே வண்டி நிறுத்தச் சிமெண்டுத் தளம் போட எண்ணியிருப்பதாகவும் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டு ஏக்கர் புறம்போக்கைவிட அவசரமான வேலை அதுதான். புதிதாக நட்டு வளர்க்கும் காட்டில் தடித்த கொடிகளும், பொந்துள்ள முதுமரங்களும், அவற்றில் தங்கும் மரநாயும் வர ஒரு மனித ஆயுள் போதாது. அந்தத் துண்டில் அவை இப்போதே இருக்கக்கூடும். இந்திய வன மதிப்பாய்வு நிறுவனம் குறைந்தது ஒரு எக்டேர் பரப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருந்தால், அது தென்னந்தோப்பானாலும் காட்டுப்பரப்பு என்றே கணக்கிடுகிறது. ஒரு கோயில் காடு போய் வேறொரு தோப்பு வந்தால் அந்தக் கணக்கில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆகவே திருப்பணிக் குழுவில் பேசுங்கள். வண்டி நிறுத்தச் சாலையோரத்தில் வேறு இடம் காட்டுங்கள். மரத்தடியைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டவேண்டாம், விழுந்த இலையைப் பெருக்கி எரிக்கவேண்டாம், கொடிகளை ‘அழகுக்காக’ அறுக்கவேண்டாம் என்ற மூன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வைத்தால் போதும். கோயிலின் பெயராலேயே அதைச் சொன்னால் ஊர் கேட்கும்.

கடைசியாகப் பட்டியல். ஓராண்டு பார்த்தபின் தானாக எழாதவற்றை மட்டும் இதிலிருந்து தேர்ந்தெடுங்கள். வெயில் தாங்கும் முதல் வரிசைக்கு உசிலை, விராலி, கொன்றை, ஒதியன், நுணா, காரை, களா. அரைநிழல் கிடைத்தபின் நாவல், நெய்க்கொட்டான், குருந்து, பாணல், சுலுந்து, பூவந்தி, மகிழம். அவற்றின் அடியில், நிழலும் மக்கும் சேர்ந்தபின், வீரை, பாலை, காயா, கருங்காலி. உண்மையில் காடாக நிற்கப்போகிறவை இவைதாம். கடல்பக்க மணல் ஓரம் இருந்தால் அங்கே மட்டும் புன்னை. கொடிகளை விட்டுவிடாதீர்கள்: ஆதொண்டை, மோதிரக்கண்ணி, ஓடைக்கொடி. இவற்றில் உங்கள் நிலத்தில் ஏற்கெனவே எவை இருக்கின்றன என்று பார்த்து, கணுவும் இலையடியும் தெளிவாகத் தெரியும் படங்களோடு எழுதினால், எதை நடவேண்டாம் என்று என்னால் இன்னும் உறுதியாகச் சொல்லமுடியும்.